பாதியில் நின்ற கல்

மாடிப்படிக்கு அடியில், அலங்காரக் கல் அறுக்கும் பழைய மிஷின் புதுப் பச்சைப் பெயின்டில் மினுங்குகிறது. பேரிங், பெல்ட், பிளேடு எல்லாம் கணவனும் மனைவியும் ஒன்றரை மாதம் மல்லுக்கட்டி மாற்றியவை. பிடியில் இறுகியிருக்கும் கல்லை மட்டும் தொடவில்லை. மிஷினை விற்றவர், கண் பார்வை போனதால் பாதி அறுத்து நிறுத்திய கல் அது. கழற்றாமல் அதை அறுத்து முடிக்கவேண்டும் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. இப்போது அவரே வந்து முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மூடியை இறக்கி சுவிட்சைப் போட்டதும் பிளேடு பழைய வெட்டின் வாயில் கிறீச்சிடுகிறது. “அணைங்க சார்! உங்க பிளேடு தடிமன். என் வெட்டுக்குள்ள போகாது,” என்கிறார். “பழசைத் தூக்கிப் போட்டுட்டேனே,” என்று கணவன் கையைப் பிசைகிறான். மனைவி, பெயின்ட் டப்பாவுக்கு அடியில் தட்டாக வைத்திருந்த பழைய பிளேடைத் துடைத்துக்கொண்டு வருகிறாள். “நீங்க தூக்கிப் போடறத எல்லாம் நான் ஒரு தடவை பார்த்துட்டுத்தான் விடுறேன்.” அதை மாட்டியதும் சத்தம் ஒரே சீராகிறது, பிளேடு நனைந்து சுழலும் எண்ணெயின் வாசனை படியேறுகிறது. வெகுநேரம் கழித்து டொக்கென்று கல் விழுகிறது. மனைவி எண்ணெயைத் துடைத்துப் பார்க்கிறாள். உள்ளே வெறும் சாம்பல் நிறம், அழகுக்கு ஒரு கோடுகூட இல்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். முக்காலியில் இருந்தவர் கையை நீட்டிக் கல்லை வாங்கிக்கொள்கிறார். கட்டைவிரல் வெட்டு முகத்தில் ஓரத்திலிருந்து ஓரத்துக்குப் போகிறது, திரும்பி வருகிறது, மறுபடி போகிறது. நிறத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. “நான் எங்க நிறுத்தினேன்னே தெரியலையே,” என்கிறார்.