பெயர் மாற்றம்

"ஒங்களுக்குத் துவக்கு லைசன் கெடைக்காதுண்ணே" என்று விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார் தோட்டத்துக் கிளாக்கர் நிரஞ்சன். "கத்திக்குத்துக் கேசுல தண்டனை வாங்கி, மூணு வருசம் மறியல்ல அடைபட்டு இருந்திருக்கீங்க. சட்டத்துல எடமில்ல."

நல்லமுத்து தலையாட்டினார். துப்பாக்கியோடு காட்டுப்பன்றிக் காவல் காக்கும் வேலைக்காக ஐந்து மாதம் காத்திருந்தவர்.

"கவலப்படாதீங்க, வேலை ஒங்க வீட்ட விட்டுப் போகாது. ஒங்க மகன் சுமன் மேல ஒரு கேசும் இல்ல. அவன் பேருக்கு மாத்தி அனுப்பினேன், பொலிசும் சரின்னுட்டாங்க. திங்கக்கெழம துவக்கு அவன் கையில."

நல்லமுத்து அவசரமாகக் கைகூப்பினார்.

"அவனுக்கு வேணாங்கய்யா. வீட்டுல மருமக இருக்குது."

"என்னண்ணே இது? பெத்த புள்ள பொழப்பக் கெடுக்கிறீங்க?"

நல்லமுத்து மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப அந்தக் கேசையும் அவன் பேருக்கே மாத்திருங்கய்யா. அன்னைக்குக் குத்துனது அவன்தான்."