ஒரு செட்டு மாத்திரை

அவன் கையை நீட்டினான்.

மருந்துக்கடை அண்ணாச்சி என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. மூன்று டப்பாக்களைத் திறந்தார். வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, சிவப்பு ஒன்று. துண்டுக் காகிதத்தில் மடித்து அவன் உள்ளங்கையில் வைத்தார்.

ஒரு செட்டு.

அவன்தான் வரிசையில் முதல். பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எல்லோரும் உப்பளத்துக்குப் போகிறவர்கள். லாரி வருவதற்குள் விழுங்க வேண்டும். விழுங்கினால்தான் அங்கே குனிய முடியும்.

அவன் என் கணவரின் தம்பி, சேர்மதுரை.

முந்தின நாள் சாயங்காலம் அவன் செருப்பைக் கழற்றும்போது பார்த்தேன். வார் அழுந்திய இடம் பள்ளமாகக் கிடந்தது. சுற்றிலும் வீக்கம்.

என் கணவருக்கும் காலில்தான் தொடங்கியது.

அதனால் வந்தேன். அவர் போய் ஒரு மாதம் ஆகவில்லை. நான் வாசல் தாண்டக் கூடாதாம்.

தாண்டினேன்.

வெள்ளை, வலிக்கு. மஞ்சள், வயிற்றுக்கு. சிவப்புக்குத்தான் பெரிய பெயர். ஆன்டிஆக்சிடன்ட். கிட்னியை அது பார்த்துக்கொள்ளும் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். என் கணவர் நம்பினார். வலி கூடிய நாட்களில் இரண்டு செட்டு வாங்கினார்.

வெள்ளை இரண்டு போனால் சிவப்பும் இரண்டு போகிறதே, பிறகென்ன பயம் என்றார்.

அந்தத் தைரியத்தில்தான் வெயிலில் நின்று உப்பு வாரினார். கொண்டுபோன தண்ணீர் உச்சிக்கு முன்பே தீர்ந்துவிடும். அதற்குப் பிறகும் வாரினார்.

பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். இரண்டு சிறுநீரகத்தையும் வலி மாத்திரை தின்றுவிட்டது. சிவப்பு எதையும் தடுக்கவில்லை. தடுக்கும் என்று யார் சொன்னது என்று கேட்டார்கள்.

அண்ணாச்சியின் பெயரைச் சொன்னேன்.

அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

சேர்மதுரை காகிதத்தைப் பிரித்தான். நான் அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கினேன்.

"மதினி, எல்லாரும் பாக்காவ."

"பாக்கட்டும்."

அண்ணாச்சி என்னை அப்போதுதான் கவனித்தார். என் நெற்றியைப் பார்த்தார். பிறகு கடைக்குள் எரிந்துகொண்டிருந்த சாமி விளக்கைப் பார்த்தார்.

"போணி நேரத்துல வந்து நிக்கியே தாயி. அவரு விதி, போய்ட்டாரு. இந்தச் சிவப்பு மாத்திரை இல்லேன்னா ரெண்டு வருசம் முந்தியே போயிருப்பாரு. அத நெனச்சுப் பாரு."

நினைத்துப் பார்த்தேன்.

மாத்திரைகளைக் கண்ணாடி மேசைமேல் கொட்டினேன். மஞ்சள் உருண்டு ஓரம் வரை போய் நின்றது.

"அப்போ நீங்க முழுங்குங்க அண்ணாச்சி. தினம் ஒரு செட்டு. நான் வந்து நின்னு பாக்கேன்."

அவர் சிரித்தார்.

"எனக்கு எதுக்குத் தாயி? எனக்குத்தான் வலி இல்லையே."

வரிசையில் நின்ற ஒருவர் அவரோடு சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

அண்ணாச்சி மூன்றையும் பொறுக்கினார். வெள்ளையை வெள்ளை டப்பாவில் போட்டார். மஞ்சளை மஞ்சளில். சிவப்பைச் சிவப்பில். என் கை பட்டதென்று ஒன்றைக்கூட அவர் வீசவில்லை.

"அடுத்த ஆளு."

பின்னாலிருந்து ஒரு கை என் தோளைத் தாண்டி நீண்டது.

லாரி வந்துவிட்டது. சேர்மதுரை அதை நோக்கி நடந்தான். மாத்திரை இல்லாத நடை. ஒவ்வொரு அடியையும் மண்ணிடம் கேட்டுக் கேட்டு வைத்தான்.

மற்றவர்கள் விழுங்கிவிட்டு ஓடி வந்தார்கள். தாவி ஏறினார்கள்.

அவன் சக்கரத்தில் ஒரு காலை வைத்தான். பலகையைப் பிடித்தான். மறுகால் தரையை விட்டு எழவில்லை. இடுப்பில் கை வைத்து நின்றான். மறுபடி முயன்றான். டிரைவர் ஹாரன் அடித்தார்.

வேலைக்குப் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் போகாவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. என் வீட்டிலும்.

அவன் கைக்கு வந்த மாத்திரையைப் பிடுங்கியவள் நான். பதிலுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை.

சேலையை இழுத்துச் செருகினேன். அவன் பின்னால் போய்க் குனிந்து, தோளை முட்டுக்கொடுத்துத் தள்ளினேன். அவன் எலும்பெல்லாம் என்மேல் இறங்கியது. மேலிருந்து இரண்டு பேர் இழுத்தார்கள். அவன் கத்தினான். ஏறிவிட்டான்.

தெருவே பார்த்தது.

லாரி நகர்ந்தது. அவன் பலகையைப் பிடித்தபடி என்னைக் குனிந்து பார்த்தான். வேர்த்திருந்தது. உதட்டைக் கடித்திருந்தான்.

"நாளைக்கும் வருவியளா மதினி?"

அவன் சிரிக்கவில்லை.