சிவப்புக் கார்

அண்ணனை அடக்கம் செய்த வாரமே அம்மா அந்த வீடியோ கேம் பெட்டியைப் பழைய இரும்புக்காரனிடம் தூக்கிப் போட்டுவிட்டாள். அதிலிருந்து லூர்து பழைய சாமான் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினான். பெட்டிகள் எத்தனையோ கிடைத்தன. அண்ணன் காம்பஸ் முனையால் கீறிய அவர்கள் இருவர் பெயரும் எதிலும் இல்லை.

அன்றைக்கு, மிக்ஸி ஜாடிகளுக்கும் துருவேறிய இஸ்திரிப் பெட்டிகளுக்கும் அடியில், இருந்தது.

அந்தக் காலத்தில் அண்ணன்தான் டிவிக்குப் பின்னால் குனிந்து வயர்களைச் செருகுவான். "சிவப்புக் காரு ஒனக்கு, நீலம் எனக்கு" என்பான். லூர்து விரல் சிவக்கச் சிவக்க பட்டனை அமுக்குவான். நீலக் கார் ஒருநாளும் முந்தியதில்லை. "ஒன்கிட்ட ஆகாதுடா எனக்கு" என்று அண்ணன் ரிமோட்டைக் கீழே போடுவான். பள்ளிக்கூடத்தில் எதிலும் தேறாத லூர்து, அந்த ஒரு ஜெயிப்பைச் சொல்லிச் சொல்லியே வளர்ந்தான்.

கடைக்காரப் பெண் இரண்டு ரிமோட்டுகளையும் துடைத்து நீட்டினாள். அண்ணனுடையதில் செருகும் முனை கறுத்திருந்தது. லூர்துவினுடையதில் பட்டன்கள் வழவழவென்று தேய்ந்திருந்தன. ஆனால் அதன் வயர் நுனியில், கம்பெனியில் மாட்டிய பிளாஸ்டிக் மூடி ஒட்டுத்தாளோடு அப்படியே இருந்தது.

"இதப் பாருங்க தம்பி, ஒருக்காகூட சொருகவே இல்ல. ஓடுதான்னு போட்டுப் பாத்துருவமா?" என்று அவள் மூடியை இழுக்கப் போனாள்.

"வேண்டாங்க்கா. மூடி இருக்கட்டும்."

அவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். லூர்துவின் கட்டைவிரல், சிவப்புக் காரை ஒருநாளும் ஓட்டியிராத அந்தத் தேய்ந்த பட்டனை விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தது.