மாமிக்கு ஒரு டீ

"முதல்ல ஒரு டீ போடேன் சாந்தா. குடிச்சிட்டு அப்புறம் பூசலாம்."

லலிதாம்பாள் மாமி இதைத் தெலுங்கில் சொல்லிவிட்டு, வெள்ளத்தில் கால் ஆடிப்போயிருந்த நாற்காலியில் ஜாக்கிரதையாக உட்கார்ந்தாள்.

சிமெண்ட் சட்டியோடு நின்றிருந்த கல்பகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செகந்திராபாத் பக்கம் நாச்சாரத்தில் நாலா என்கிற பெரிய சாக்கடைக் கால்வாய் பொங்கி, தாழ்வான வீடுகளிலெல்லாம் இடுப்பளவு தண்ணீர் நின்றுவிட்டுப் போயிருந்தது. கல்பகத்தின் அபார்ட்மெண்டிலிருந்து ஒரு குழு கிளம்பி வந்து, ஒவ்வொரு வீடாகப் பழுது பார்த்துக்கொண்டிருந்தது; இன்று சாந்தாவின் வீடு. மாமியும் அந்தக் குழுவில் ஒருத்தி; தலைவி கல்பகம்தான். அவள் போட்ட முதல் ரூல்: பாதிக்கப்பட்டவர்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது.

"மாமி, ஃபிளாஸ்க்ல டீ இருக்கு. நானே போட்டது. ஏலக்காய் தட்டிப் போட்டிருக்கேன்."

"அது நக்கோ, வேணாம்," என்றாள் மாமி. பிறந்து வளர்ந்ததெல்லாம் செகந்திராபாத். "எனக்கு சாந்தா கையால வேணும்."

நேற்று எதிர்வீட்டிலும் இதே கூத்து. அதற்கு முந்தின வீட்டில் டீயோடு பிஸ்கட்டும் கேட்டாள்.

சாந்தா திகைத்துப்போய் நின்றாள். காலையிலிருந்து அவள் வாயில் ஒரே ஒரு பதில்தான். அலமாரியை எங்கே அடிக்கட்டும் என்று தீபக் கேட்டான். "உங்க இஷ்டம் சார்." சுவருக்கு என்ன கலர்? "உங்க இஷ்டம்மா." வந்தவர்கள் எல்லாரும் செருப்பும் ஷூவுமாக உள்ளே நடமாட, அவள் மட்டும் வெறுங்காலோடு, தன் வீட்டு வாசலிலேயே ஓரமாக நின்றுகொண்டிருந்தாள்.

கல்பகத்துக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. தொந்தரவு இல்லாத பெண். வேலை மளமளவென்று நடந்தது.

இப்போது அந்தப் பெண் சின்னப் பாத்திரம் ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

"பாத்தியா தீபக்? பால் கடன் கேக்கப் போறா. எல்லாத்தையும் தண்ணியில விட்டுட்டு நிக்கிறவகிட்ட டீ கேக்கறதுக்கு வெட்கமா இருக்க வேணாம்? எங்க கான்வென்ட் சிஸ்டர்ஸ் பாத்திருந்தா முட்டி போட வெச்சிருப்பாங்க."

"விடுங்க ஆன்ட்டி," டிரில்லிங் மெஷினோடு ஏணியில் நின்றிருந்த தீபக் சிரித்தான். "மாமி டீ பைத்தியம் போல."

சாந்தா பாலோடு திரும்பி வந்தாள். யாரோ தானமாகக் கொடுத்திருந்த அடுப்பு இன்னும் அட்டைப்பெட்டியிலேயே கிடந்தது. வெள்ளத்துக்கு அப்புறம் அவளும் புருஷன் பிரசாத்தும் பொட்டலச் சாப்பாடுதான். அடுப்பை எடுத்துத் துடைத்து, ஜன்னல் பக்கம் வைத்துப் பற்ற வைத்தாள். ரெண்டு தடவை அணைந்து, மூன்றாவது தடவை நின்றது.

எல்லாருக்கும் டம்ளரில் டீ வந்தது.

"எனக்கு வேணாம்மா. எங்க குழுவுக்கு ரூல் இருக்கு," என்றாள் கல்பகம்.

சாந்தாவின் கை நடுவழியில் நின்றுவிட்டது.

"அவ பங்கையும் எனக்கே குடு," மாமி கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். ரெண்டு டம்ளரையும் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். குடித்துவிட்டு நொட்டை வேறு சொன்னாள். "இஞ்சி பத்தலையே சாந்தா."

கல்பகம் பல்லைக் கடித்தாள்.

சாந்தா சிரித்தாள். காலையிலிருந்து அவள் சிரித்து யாரும் பார்த்திருக்கவில்லை. "வீட்ல இஞ்சியே இல்லம்மா, பக்கத்து வீட்ல கொஞ்சம்தான் கிடைச்சுது. அடுத்த தடவை வாங்க, தொண்டை எரியற மாதிரி போடறேன்."

டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"சார், அலமாரி ரொம்ப உசரம். எனக்கு எட்டாது. கீழே இறக்குங்க."

தீபக் கழற்ற ஆரம்பித்தான்.

"அடுப்பு மேடை ஜன்னல்கிட்ட வேணாம். காத்துல அணையுது. அந்த மூலையில கட்டிக் குடுங்க. சுவருக்குப் பச்சை அடிங்க, வெளிர் பச்சை." அப்புறம் கல்பகத்தின் பக்கம் திரும்பினாள். "அம்மா, செருப்பைக் கொஞ்சம் வாசல்ல விட்டுட்டு வந்துடுங்க. நீங்க நிக்கிற இடத்துலதான் சாமி வைக்கப் போறேன்."

கல்பகம் போய்ச் செருப்பைக் கழற்றினாள். உள்ளுக்குள் கொதித்தது. முக்கால்வாசி முடிந்த வேலை மறுபடி முதலிலிருந்து. எல்லாம் இந்த மாமி கொடுத்த இடம். நாளை முதல் மாமி குழுவில் கிடையாது.

சாயங்காலம் மாமியைக் கூட்டிப் போக அவள் கணவர் ஜம்புநாதன் ஸ்கூட்டரில் வந்தார். லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்து ரிட்டையர் ஆனவர். மாமி உள்ளே சாந்தாவோடு எந்தப் பச்சை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். இதுதான் சமயம் என்று கல்பகம் ஸ்கூட்டர் பக்கம் போனாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நாளையிலேர்ந்து மாமி வர வேணாம். போற வீட்ல எல்லாம் டீ கேட்டு வாங்கிக் குடிக்கறாங்க. நல்லா இல்ல. இன்னிக்கு ரெண்டு டம்ளர்."

"யாரு, எங்காத்து லலிதாவா?"

"ஆமா சார்."

"டீயா?"

"டீதான். இஞ்சி டீ."

ஜம்புநாதன் ஹெல்மெட்டைக் கழற்றினார். "ஏம்மா, அவளுக்கு டீ வாசனையே ஆகாதே. குமட்டிண்டு வரும். ஒர்க்‌ஷாப்ல நான் டீ குடிச்சுட்டு வந்தா, வாய் கொப்பளிச்சுட்டு வாங்கோன்னு வாசல்லயே நிறுத்திடுவா."

சொல்லிவிட்டு ஏதோ ஞாபகம் வந்தவராகச் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு பிடி எலுமிச்சை மிட்டாயை வெளியே எடுத்துப் பார்த்தார்.

"ஓஹோ. அதான் ஒரு வாரமா வண்டியில ஏறினதும் ஏறாததுமா, இதைக் கேட்டு வாங்கி வாயில போட்டுக்கறாளா?"