ஆள்காட்டி விரல்

"அண்ணி வெளிய இருக்கட்டும் டாக்டர்."

"நான் எங்கயும் போகல" என்று அண்ணி அவன் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அண்ணனோடு ராணுவத்தில் இருந்த அவன் தனியாகத் திரும்பிய நாளாய், தலைவலியில் சுருண்டு விழும்போதெல்லாம் தாங்கிப் பிடிப்பவள் அவள்தான்.

டாக்டர் தலைவலிச் சிகிச்சைக்கான காந்தச் சுருளை அவன் தலையில் வைத்தார். "உங்களுக்கு எவ்வளவு விசை வேணும்னு முதல்ல பாத்துடலாம். கையை இறுக்காம மடியில வைங்க."

டக்!

அவன் துப்பாக்கிச் சத்தம் கேட்டவன்போல் கண்களை மூடிக்கொண்டான். டாக்டர் சுருளைக் கொஞ்சம் நகர்த்தினார்.

டக்! அவனுடைய வலது ஆள்காட்டி விரல் வெடுக்கென்று மடங்கியது.

"டாக்டர், நான் மடக்கல!"

"தெரியும். மூளையில அந்த இடத்தைத் தூண்டினா விரல் தானா மடங்கும்."

"நான் நினைக்காமலேயா?"

"நினைக்காமலேதான்."

"கேட்டீங்களா அண்ணி?" அவன் அவள் பக்கம் திரும்பினான். "அன்னிக்கும் பக்கத்துல குண்டு வெடிச்ச அதிர்ச்சியில விரல் தானாத்தான் மடங்குச்சு. விசாரணையில சொன்னேன், ஒருத்தரும் நம்பல; சாட்சி இல்லாததால விட்டுட்டாங்க. சத்தியமா நான் வேணும்னு சுடல அண்ணி. முன்னால அண்ணன் நின்னுட்டிருந்தாரு..."

அந்த அதிர்ச்சி வேறு, இது வேறு என்று சொல்ல வாயெடுத்த டாக்டர், அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டார்.

அவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை செய்யுங்க டாக்டர்" என்றாள். "நான் சரியாப் பாக்கல."