கீழேரிக்குத் தண்ணீர்

அவர் வாய்வரை வந்த சொல்லை விழுங்கிக்கொண்டார்.

நாற்காலியில் இருந்த பெண் இந்த முறையும் ஏரியைத் தாண்டிப் போய்விட்டாள். திரையில் கர்சர் தண்ணீரின் மேலாகத்தான் போனது. நிற்கவில்லை. நேரே படைக்கொட்டில். குதிரைகள். வில்லாளிகள்.

பின்னால் நின்று பார்க்கலாம். பேசக்கூடாது. அவர் உருவாக்கிய கணினி விளையாட்டை முதல்முறை தொடுகிறவர்களுக்கு எதையும் சொல்லித்தரக் கூடாது. அவருடைய கூட்டாளி நவநீதன் போட்ட விதி.

“வாங்கறவீங்க வீட்டுக்கெல்லாம் போயிப் பின்னாடி நின்னு வெளக்கம் சொல்லுவீங்களாங்ணா?” என்று காலையில் கேட்டிருந்தான்.

நியாயமான கேள்விதான்.

இன்னொன்றும் சொல்லியிருந்தான். இன்று விளையாடிப் பார்க்க வருகிறவர்களில் ஒருவர்கூட ஏரியைக் கவனிக்காவிட்டால் அதை எடுத்துவிட வேண்டும். ஏரி இல்லையென்றால் விளையாட்டு பழைய கணினியிலும் ஓடும். சண்டை போடத்தானே வருகிறார்கள்.

காலையில் ஒருவர் மட்டும் ஏரியைப் பார்த்து, “போட்டிங் இருக்குதுங்களா?” என்று கேட்டார். நவநீதன் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இவளும் படிக்கட்டில் காத்திருப்பவனும்தான் பாக்கி.

கீழே பம்ப்செட் கடையில் ஒரு மோட்டாரை ஓட்டி ஓட்டி நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

ஏரியை அவர் வெறுமனே வரைந்து வைக்கவில்லை. மலைமேல் மழை பெய்தால்தான் மேலேரியில் தண்ணீர் சேரும். நிறைந்தால் கலிங்கு என்ற கல்வரம்பைத் தாண்டி வழியும். வழிந்தது ஓடையாக இறங்கிக் கீழேரிக்குப் போகும். அங்கே வயல் பச்சையாகும், களஞ்சியம் நிறையும். ஒரு மழை பொய்த்தால் அத்தனையும் ஒவ்வொன்றாக வாடும். அதைச் சொல்ல அவருக்கு வாய் துடித்தது.

பெண்ணின் பெயர் சிவரஞ்சனி. பல் மருத்துவம் படிக்கிறாளாம். தொடக்கக் கதையைப் படிக்காமலே தள்ளிவிட்டாள். யானை காதாட்டுவதைப் பார்த்துச் சிரித்தாள். எதிரிக் கோட்டையை முற்றுகையிட்டாள். தோற்றாள். மறுபடி முற்றுகையிட்டாள். பருவங்கள் மாறின. கோட்டைக்குள் பசி வரவேயில்லை.

“இவனுகளுக்குச் சோறு எங்கிருந்து வருது?”

தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

முதல்முறையாகப் படையை விட்டு வரைபடத்தை நகர்த்தினாள். கோட்டைச் சுவருக்குள் பச்சை வயல். வயலுக்கு மேலே கீழேரி. அதில் வந்து விழும் ஓடை. ஓடையைப் பிடித்துக்கொண்டே எதிர்த்திசையில் ஏறினாள். பாறை. பனங்கூட்டம். ஒரு வளைவு.

அங்கே விளையாட்டில் அவள் ஆளும் ஊர். அவளுடைய மேலேரி.

“அட!”

அவர் நவநீதனைப் பார்த்தார். அவன் செல்பேசியைக் கீழே இறக்கியிருந்தான்.

சிவரஞ்சனி கலிங்கை அழுத்தினாள். ‘உயர்த்து’ என்று வந்தது. வறண்ட வருஷங்களுக்குச் சேமிக்கட்டும் என்று அவர் வைத்த வசதி அது. வேறெதற்கும் இல்லை.

ஒரு வரிசைக் கல் ஏற்றினாள்.

இன்னும் ஒரு வரிசை.

ஓடை மெலிந்தது. நின்றது.

அவள் கன்னத்தில் கைவைத்து, திரைக்கு முகத்தை நெருக்கிக் கீழேரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீலம் சுருங்கியது. சேறு தெரிந்தது. சேறு வெடித்தது.

எதிரிக் கோட்டையின் கதவு திறந்தது.

“வாங்கடா, வாங்க” என்று படையை வரிசையாக நிறுத்தினாள்.

படை வரவில்லை.

பெண்கள் வந்தார்கள். நடுவே சில ஆண்கள். எல்லோரிடமும் குடம்.

உள்ளூரில் தண்ணீர் இல்லையென்றால், தண்ணீர் இருக்கும் பக்கத்து ஊருக்கு நட. அவர் எழுதியது இவ்வளவுதான். அவர்கள் நடந்து இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை. அவரும் பார்த்ததில்லை. படைவீரர்களுக்குச் சிவப்பு, நீலம் என்று பக்கத்துக்கொரு நிறம் கொடுத்திருந்தார். குடம் எடுத்தவர்களுக்கு எதுவும் கொடுக்கவில்லை. தேவைப்படும் என்று தோன்றவில்லை.

நிறமில்லாதவர்களை எதிரி என்று அவளுடைய முற்றுகைப் படைக்குத் தெரியாது. வழிவிட்டது.

காய்ந்த ஓடையிலேயே ஏறி வந்தார்கள். வளைவு தாண்டி அவளுடைய ஊர்வாசல். கதவு சாத்தியிருந்தது. மதில்மேல் அவளுடைய வில்லாளிகள். அவள் சொல்லாமல் அவர்கள் எய்ய மாட்டார்கள். அவள் சொல்லாமல் கதவும் திறக்காது.

கர்சர் கதவின் மேல் போனது. அங்கிருந்து வில்லாளிகளிடம் போனது. இரண்டுக்கும் நடுவே வந்து நின்றது.

“தொறந்து உடுங்க.”

அவர் திடுக்கிட்டுத் தன் வாயைப் பொத்தினார்.

பேசியது நவநீதன்.

“பேச மாட்டோம்னு சொன்னீங்க?” சிவரஞ்சனி திரும்பவில்லை. “இருங்க. இன்னும் வந்துட்டே இருக்காங்க. மொத்தம் எத்தன பேருன்னு பாத்துக்கறேன்.”

எதற்கு என்று அவள் சொல்லவில்லை.

நவநீதன் வாசலுக்குப் போனான். படிக்கட்டில் இருந்தவனிடம், கொஞ்ச நேரம் ஆகும் என்றான். திரும்பி வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

அவர் நின்றபடியே இருந்தார்.

மதிலடியில் முதலில் வந்து சேர்ந்தவள் இடுப்பிலிருந்த குடத்தை இறக்கி வைத்தாள். பின்னால் வருபவளுக்கு இடம்விட்டுத் தள்ளி நின்றாள்.