கடலிடம் சொன்னது

போட்டிருந்த இருபது நாற்காலிகளில் ஒன்றில்தான் ஆள் இருந்தது.

கலைவாணன் அதைக் கவனிக்காதவன்போல் லேப்டாப்பைத் திறந்தான். மூன்றரைக்கு ஆரம்பம் என்று நோட்டீஸில் போட்டிருந்தான். மணி நாலு ஆகிவிட்டது. பிள்ளையார்பாளையத்தில் ஒரு ட்யூஷன் சென்டரின் மாடி அது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் இடம் கிடைத்திருந்தது.

இதற்கு முன்பு வைத்த இரண்டு கூட்டங்களுக்கும் யாருமே வரவில்லை. இந்தத் தடவையும் அப்படியென்றால் இதோடு விட்டுவிடுவதாக நண்பன் குருவிடம் சொல்லியிருந்தான். குருவுக்கு அதில் சந்தோஷம்தான்.

வந்திருந்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கு, பெயர் லோகாம்பாள், ஊர் தென்னேரி என்றார். நோட்டீஸை வாட்ஸ்அப்பில் பார்த்தாராம்.

இடம் மாறி வந்துவிட்டாரோ என்று அவனுக்குச் சந்தேகம். இது ஜப்பான் சித்திரக்கதை பற்றிய கூட்டம் என்று சொல்லிப் பார்த்தான். தெரியும் என்று தலையாட்டினார்.

சரி, ஒருவர் வந்தாலும் கூட்டம்தான்.

கலைவாணன் பட்டுச்சேலை பார்டருக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன். நாளெல்லாம் கட்டம் கட்டமாக நிரப்புவதுதான் வேலை. அதனாலோ என்னவோ, பாதிப் பக்கத்தை வெள்ளையாகவே விட்டுவிடுகிற ஒருவரைக் கண்டதும் அவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது.

ஷிராமிசு கஸுனே. நாற்பது வருடத்துக்கு முன்பு ஏதோ ஒரு சின்ன ஊர்ப் பத்திரிகையில் சில குட்டிக் கதைகளை வரைந்துவிட்டுக் காணாமல் போனவர். ஜப்பானிலேயே அவரைத் தெரிந்தவர்கள் நூறு பேர் இருந்தால் அதிகம். பெயர் போடாத யாரோ ஒரு புண்ணியவான் ஏழு கதைகளை ஆங்கிலமாக்கி இணையத்தில் ஏற்றி வைத்திருந்தார். அவனுக்குக் கிடைத்ததெல்லாம் அந்த ஏழுதான்.

முதல் ஐந்து நிமிடம் லேப்டாப்பைப் பார்த்தே பேசினான். பிறகு காலி நாற்காலிகள் அவனுக்கு மறந்தே போயின.

மீன்கள் வரிசையில் நின்று செதில் வெட்டிக்கொள்ளும் சலூன் கதையைச் சொன்னான். தன் நிழல் தனக்கு முந்தின ரயிலில் ஆபீஸ் போய் நல்ல பெயர் வாங்குவதைப் பார்த்துத் தவிக்கும் குமாஸ்தாவின் கதையைச் சொன்னான். அந்த ஆளின் முகத்தை ஒரு கட்டத்தில்கூட வரையவில்லை, வெறும் பிடரியை வைத்தே நம்மைக் கலங்கடிக்கிறார் என்றவன், எப்படி என்று தானே திரும்பி நின்று தன் பிடரியைக் காட்டினான்.

லோகாம்பாள் சிரித்துவிட்டார். அவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

உயிரான கதையைக் கடைசிக்கு வைத்திருந்தான்.

கடலோரத்தில் ஒரு வீடு. வருடத்துக்கு ஒரு படியாகக் கடல் ஏறி வருகிறது. அங்கே தனியாக இருக்கும் பெண், தண்ணீருக்குள் போய்விட்ட படிகளையும் விடாமல் தினமும் பெருக்குகிறாள். கடைசிப் பக்கத்தில் கடல் வாசலுக்கே வந்து நிற்கிறது. அவள் கதவைத் திறந்து அதனிடம் சொல்கிறாள், வருவதுதான் வருகிறாய், காலைக் கழுவிவிட்டு வா என்று.

கடலைப் பார்த்து.

அப்பா இறந்த மாதத்தில் ஏனாத்தூர் பஸ்ஸில் அதைப் படித்ததாகச் சொன்னான். சிரித்துச் சிரித்து அழுதுவிட்டானாம். பல நாள் கழித்து அன்றைக்குத்தான் வீட்டுக்குப் போய் ஒழுங்காகச் சாப்பிட்டானாம். நம் வீட்டு வாசலில் பேசுகிற பேச்சு எங்கேயோ இருக்கிற ஜப்பான்காரருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டான். அந்த ஒரு வரிக்காகவே அவரை மேதை என்பேன் என்றான்.

இந்த முறை லோகாம்பாள் சிரிக்கவில்லை. ஹெல்மெட்டைப் பக்கத்து நாற்காலியில் வைத்தார்.

"தம்பி, அந்தப் பக்கத்துல அவரு ஒண்ணுமே எழுதலப்பா. சும்மா வெள்ளையா இருக்குது. எனக்குத்தான் மனசு கேக்கல. எங்க வீட்ல சொல்றத இங்கிலீஷ்ல எழுதிட்டேன்."

கலைவாணன் லேப்டாப்பைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

அவரே சொன்னார். ஒரகடத்தில் ஒரு ஜப்பான் கம்பெனியில் பதினாறு வருடமாக இன்டர்பிரட்டர் வேலை. ஊர் திரும்பிய ஒரு ஜப்பான் இன்ஜினியர் கெஸ்ட் ஹவுஸிலேயே விட்டுப்போன பழைய பத்திரிகைகளில்தான் இந்தக் கதைகள் இருந்தன. மதியச் சாப்பாட்டு நேரங்களில் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்து ஏற்றினார். யாரும் படிக்கிற மாதிரித் தெரியவில்லை, நிறுத்திவிட்டார். போன வாரம் நோட்டீஸில் அந்தப் பெயரைப் பார்த்ததும் மூன்று தடவை திரும்பப் படித்தார். செய்த தப்பை ஒருவரிடமாவது ஒப்புக்கொள்ளலாம் என்றுதான் வண்டியை எடுத்தாராம்.

கலைவாணன் திரையில் அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்தான். வரியைக் கட்டைவிரலால் மறைத்தான். பெண், திறந்த கதவு, கடல். எவ்வளவு அமைதி. இத்தனை நாள் இதைப் பார்க்காமலே இருந்திருக்கிறான்.

விரலை எடுத்தான். அவளுக்கு வாய் வந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது.

இவ்வளவுதானா, இன்னும் இருக்கிறதா என்று கேட்டான். கேட்கும்போதே குரல் கீச்சென்றது.

நாலு கதை இருக்கிறது, இன்னும் யார் கண்ணுக்கும் காட்டவில்லை என்று லோகாம்பாள் பையைத் தொட்டுக் காட்டினார்.

அவன் லேப்டாப்பை மூடினான். அவரை எழுப்பி முன்னால் நிற்க வைத்துவிட்டு, முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அவர் பையிலிருந்து பழுப்பேறிய பத்திரிகையை எடுத்து, ஜப்பான் வழக்கப்படி வலப்பக்கமிருந்து திறந்தார்.

"இந்த வாட்டி நானா எதையும் சேக்கமாட்டேன், தம்பி."

"சேத்தே சொல்லுங்கக்கா," என்றான் கலைவாணன்.